நெட்வொர்க் பூட்: கார்டை ஓட்டுவது யார்?

கோலாலம்பூரில் மாலை மழையோடு இடி விழுந்தால், மறுநாள் காலை கணினிக்கூடத்தில் ஒன்றிரண்டு இயந்திரங்களின் லேன் விளக்கு எரியாமல் இருப்பது புதிதல்ல. மின்னல் கேபிள் வழியாகப் புகுந்து மதர்போர்டிலுள்ள லேன் போர்ட்டை மட்டும் கருக்கிவிடும். மற்றவை நன்றாகவே ஓடும். லோ யாட் பிளாசாவில் சில பத்து ரிங்கிட்டுக்கு ஒரு ரியல்டெக் கார்டு வாங்கிச் செருகினால் விண்டோஸ் எழும்பும், இணையம் வரும். அதே இயந்திரத்தை நெட்வொர்க் வழியாக பூட் செய்ய, அதாவது உள்வட்டுக்குப் பதிலாக சர்வரிலிருந்து கோப்புகளை இறக்கி எழுப்பப் போனால்தான் சிக்கல்: பூட் பட்டியலில் அந்தக் கார்டு தெரியவே தெரியாது.

கார்டில் கோளாறு இல்லை. விண்டோஸுக்குள் அதை ஓட்டுவது விண்டோஸின் டிரைவர் என்ற இயக்கு நிரல். பூட் நேரத்தில் விண்டோஸ் இன்னும் பிறக்கவில்லை; அப்போது கார்டை ஓட்ட வேறொருவர் வேண்டும். நெட்வொர்க் பூட்டில் டிரைவர் கேள்வி ஒரு முறையல்ல, மூன்று முறை எழும். முதலில் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல் (பழையவற்றில் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ), அடுத்து இயங்குதளத்தை இறக்கித் தொடங்கிவைக்கும் பூட்லோடர், கடைசியில் லினக்ஸின் மையமான கெர்னல் அல்லது விண்டோஸை நிறுவ உதவும் குட்டி விண்டோஸான விண்டோஸ் பிஇ. ஒவ்வொருவரும் முந்தையவரிடமிருந்து கார்டை வாங்கிக்கொள்கிறார்கள். எந்தப் பூட்லோடரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி உண்மையில் நடுவிலுள்ள அந்த ஒரு கைமாற்றத்தைப் பற்றியது. அங்கே சொந்த டிரைவரை நம்புவதா, மதர்போர்டின் டிரைவரையே இரவல் வாங்குவதா?

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின் தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடங்கள், டியூஷன் மையங்கள், சிறு அலுவலகங்கள் என இருபது முப்பது பழைய இயந்திரங்களை லினக்ஸுக்கு மாற்றும் வேலை பெருகியிருக்கிறது. பெரும்பாலும் நன்கொடையாக வந்தவை, ரீகண்டிஷன் கடையில் வாங்கியவை. ஒரே அறையில் மூன்று பிராண்டு, ஐந்து தலைமுறை. கீழே வரும் ஒப்பீடு அப்படிப்பட்ட கலவைக்கானது. எல்லாம் ஒரே மாடல் என்றால் ஒரு இயந்திரத்தில் சோதித்துவிட்டு எந்த வழியிலும் போகலாம், இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

பழைய பயாஸ் இயந்திரங்கள்: இரவலா, சொந்தமா

பயாஸ் காலத்து லேன் கார்டின் ரோமில் (அழியா நினைவகத்தில்) நெட்வொர்க் பூட்டுக்கான பிஎக்ஸ்இ என்ற நிரல் இருக்கும். இன்டெல் 1999-இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 வரையறைதான் இன்றும் அடிப்படை. அந்த நிரலுக்குள் யுஎன்டிஐ என்ற பொது இடைமுகம் உண்டு. எந்தச் சிப் என்று தெரியாமலே அதன் வழியாகப் பாக்கெட் அனுப்பலாம், வாங்கலாம்.

ஐபிஎக்ஸ்இ என்ற திறந்த மூல பூட்லோடர் திட்டம் தரும் 'அன்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ' கோப்பு இந்த இரவல் வழியை எடுத்துக்கொள்கிறது. அதற்குள் எந்தக் கார்டுக்கும் சொந்த டிரைவர் கிடையாது. அதனால் கோப்பு சிறியது, நூறு கிலோபைட்டுக்கு முன்பின். அதன் எதிர்ப்பக்கம் 'ஐபிஎக்ஸ்இ.பிஎக்ஸ்இ': இன்டெல், ரியல்டெக், பிராட்காம் தொடங்கி அத்தனை சொந்த டிரைவர்களையும் சுமந்து வரும்.

டிரைவர் அதிகமுள்ளதுதான் பாதுகாப்பானது என்று தோன்றும். நடைமுறை தலைகீழ். அன்டிஒன்லி ஓடத் தொடங்கிவிட்டது என்றாலே அந்தக் கார்டின் பிஎக்ஸ்இ ரோம் வேலை செய்கிறது என்பது உறுதி; அந்த ரோம்தானே கோப்பை இறக்கித் தந்தது! சொந்த டிரைவர் கோப்போ, கார்டை முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறது. அப்போது லிங்க் ஒருமுறை அறுந்து மீளும். ஸ்விட்சில் கேபிள் சுழற்சியைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையின் பழைய வடிவம் இயங்கிக்கொண்டிருந்தால், அந்தப் போர்ட் கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி என மொத்தம் 30 நொடி எதையும் கடத்தாது. அதற்குள் டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்கும் முயற்சி காலாவதியாகிவிடலாம். பலர் இதைப் பார்த்து டிரைவர் சரியில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். ஸ்விட்சில் அந்தப் போர்ட்டுக்கு இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் அமைப்பைப் போட்டால் பிரச்சினை காணாமல்போகும். சந்தேகம் இருந்தால், இடையில் மலிவான, அமைப்பு எதுவுமில்லாத ஒரு ஐந்து போர்ட் ஸ்விட்சைச் செருகிப் பாருங்கள். அப்போது கணினிக்கும் சின்ன ஸ்விட்சுக்கும் இடையில்தான் லிங்க் அறும், பெரிய ஸ்விட்சின் போர்ட் அசையாது. உடனே ஓடினால் குற்றவாளி ஸ்பேனிங் ட்ரீதான்.

சொந்த டிரைவர் எப்போது வெல்லும்? பிஎக்ஸ்இ ரோமே ஓட்டையாக இருக்கும்போது. ஐபிஎக்ஸ்இ பெயர் திரையில் வந்தபின் கருவிகளைத் தொடங்கும் வரியிலேயே உறைந்து நிற்பது, ஐபி முகவரி கிடைத்தும் கோப்பு நூறு இருநூறு கிலோபைட்டில் நின்றுவிடுவது இரண்டும் அதன் அடையாளங்கள். அந்த ஒரு மாடலுக்கு மட்டும் சொந்த டிரைவர் கோப்பைக் கொடுங்கள். முழு மூட்டையும் தேவையில்லை. மூல நிரலிலிருந்து ஒரே சிப்புக்கான கோப்பை உருவாக்கலாம். சிப்பை அடையாளம் காட்டும் பிசிஐ எண்ணை அறிய, லினக்ஸ் லைவ் தம்ப்டிரைவில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை -என்என்கே சேர்த்து ஓட்டினால் போதும். சதுர அடைப்புக்குறிக்குள் வரும் இரண்டு எண்களில் முதலாவது நிறுவனம் (இன்டெல் என்றால் 8086, ரியல்டெக் என்றால் 10இசி), இரண்டாவது சிப். ஐபிஎக்ஸ்இ மூலத்தில் டிரைவர் கோப்புகளுக்குள் அந்த எண்ணைத் தேடுங்கள். இருந்தால் ஆதரவு உண்டு, இல்லையென்றால் இல்லை. இணையத்தில் யாரோ எப்போதோ எழுதிய பட்டியலைவிட இந்தத் தேடல் நம்பகமானது.

யூஇஎஃப்ஐ இயந்திரங்கள்

இங்கேயும் அதே இரட்டையர், பெயர்தான் வேறு. 'எஸ்என்பிஒன்லி.இஎஃப்ஐ' மதர்போர்டின் யூஇஎஃப்ஐ டிரைவரை எஸ்என்பி என்ற இடைமுகம் வழியாக இரவல் வாங்கும். 'ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ' சொந்த டிரைவர்களோடு வரும், அளவு ஒரு மெகாபைட்டை ஒட்டி.

கலவை அறைக்கு எஸ்என்பிஒன்லியே முதல் தேர்வு. இரண்டு காரணங்கள். ஒன்று, புதிய சிப்புகள். 2.5 கிகாபிட் ஆர்டிஎல்8125 போன்ற ஒரு சிப் சந்தைக்கு வரும்போதே மதர்போர்டு நிறுவனம் அதன் யூஇஎஃப்ஐ டிரைவரைச் சேர்த்துவிடும். திறந்த மூலத் திட்டத்துக்கு அது வந்துசேரக் காலம் பிடிக்கும். இரண்டு, ஒரே இயந்திரத்தில் இரண்டு கார்டு இருக்கும் நிலை. எஸ்என்பிஒன்லி தான் எந்தக் கார்டு வழியாக இறங்கியதோ அந்தக் கார்டை மட்டுமே தொடும். சொந்த டிரைவர் கோப்பு எல்லாக் கார்டுகளையும் எண்ணிவைத்து முதலாவதிலிருந்து தொடங்கக்கூடும். மின்னலில் பாதி செத்த ஆன்போர்டு போர்ட் முதலாவதாக வந்தால், வராத லிங்குக்காகக் காத்து நேரம் வீணாகும். (செத்த போர்ட்டை யூஇஎஃப்ஐ அமைப்பிலேயே அணைத்துவிடுவது எப்படியும் நல்லது.)

எஸ்என்பி வழியின் பலவீனம் வேகம். சில மதர்போர்டுகளின் டிரைவர் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். கிகாபிட் லிங்கில் நொடிக்கு நூறு மெகாபைட் எதிர்பார்க்கிற இடத்தில் ஒன்றிரண்டு மெகாபைட்டில் இழுக்கும். அப்போது கண்ட்ரோல்-பி அழுத்தி ஐபிஎக்ஸ்இ கட்டளை வரிக்குப் போய் 'இஃப்ஸ்டாட்' அடியுங்கள். எந்த டிரைவர் கார்டை ஓட்டுகிறது, எத்தனை பாக்கெட் வந்தன, எத்தனை பிழை என்று சுருக்கமாகச் சொல்லும். வரவில் பிழை எண் ஏறிக்கொண்டே போனால், கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐக்கு மாறுங்கள். கேபிளை முதலில் மாற்றச் சொல்வது வெறும் சடங்கல்ல. நம் ஊர் ஈரப்பதத்தில் ஆர்ஜே45 முனைகள் பச்சை பிடிப்பது சாதாரணம்.

இந்த இரண்டு கோப்புக்கும் பொதுவான ஒரு தடை, கையொப்பமிட்ட நிரலை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட். நீங்களே உருவாக்கிய ஐபிஎக்ஸ்இ கோப்பில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருக்காது. செக்யூர் பூட் இயங்கும் இயந்திரம் அதை ஏற்காது. அதை அணைக்கலாம். ஆனால் உள்ளே பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டோடு விண்டோஸ் இருந்தால், அடுத்த முறை அது மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்கும். குறியீடு கையில் இல்லாமல் அணைக்க வேண்டாம்.

ஷிம், கிரப்

செக்யூர் பூட்டை அணைக்க முடியாத அலுவலகத்துக்கு உபுண்டு, டெபியன் போன்றவை தரும் கையொப்பமிட்ட ஷிம் (செக்யூர் பூட் ஏற்கும் முதல் சிறு நிரல்), அது எழுப்பும் கிரப் (லினக்ஸின் வழக்கமான பூட்லோடர்) இரண்டும்தான் நேர்வழி. டிரைவர் கோணத்தில் பார்த்தால் கிரப் எஸ்என்பிஒன்லியின் உடன்பிறப்பு. பிசிக்கான லேன் டிரைவர் எதுவும் அதற்குச் சொந்தமாகக் கிடையாது. யூஇஎஃப்ஐயில் எஸ்என்பி, பயாஸில் யுஎன்டிஐ, அவ்வளவுதான். மதர்போர்டின் டிரைவர் மோசமென்றால் தப்பிக்க மாற்று வழி இல்லை. ஐபிஎக்ஸ்இயோடு ஒப்பிடுகையில் இதுதான் அதன் பெரிய குறை.

வேலை செய்ய வைப்பதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஷிம் தான் இறங்கிய அதே அடைவில் 'கிரப்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற பெயரைத்தான் தேடும். உபுண்டுவின் நெட்வொர்க் கிரப் கோப்பு 'கிரப்நெட்எக்ஸ்64' என்று வருவதால் பெயரை மாற்றி வைக்க வேண்டும். அந்தக் கிரப் தன் அமைப்புக் கோப்பை டிஎஃப்டிபி (பூட் கோப்புகளைப் பரிமாறும் எளிய நெறிமுறை) சர்வரின் வேர் அடைவிலுள்ள 'கிரப்' என்ற அடைவுக்குள் தேடும், வேறெங்கும் வைத்தால் வெறும் கட்டளை வரியில் நிற்கும். மூன்றாவது, பழைய ஷிம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு பழைய ஷிம்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அன்றுவரை ஓடிய சர்வரில் இருந்து பூட் செய்யும்போது எஸ்பாட் எனும் பதிப்புச் சரிபார்ப்பு தோல்வி என்று வந்தால், சர்வரில் கிடக்கும் ஷிம் பிரதி பழையது என்று பொருள். சர்வரில் ஷிம் மென்பொருள் பொதியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, டிஎஃப்டிபி அடைவுக்குப் புதிய கோப்பை நகலெடுக்கவும் வேண்டும்.

பழைய பூட்லோடரான பிஎக்ஸ்லினக்ஸ் பற்றி ஒரு வரி போதும். அதன் நிலையான கடைசி வெளியீடு 6.03, 2014-இல் வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் தொட வேண்டாம், புதிதாக அதில் தொடங்கவும் வேண்டாம்.

யூஇஎஃப்ஐ எச்டிடிபி பூட்

யூஇஎஃப்ஐ 2.5 வரையறையோடு 2015-இல் வந்த வசதி இது. டிஎஃப்டிபி இல்லாமல் நேரே இணைய முகவரியிலிருந்து கோப்பை இறக்கும். டிரைவர் பிரச்சினைக்கு இது மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை; ஓடுவது அதே மதர்போர்டு டிரைவர், மாறுவது பாதை மட்டும்.

பாதை மாறுவதில் லாபம் இல்லாமலில்லை. டிஎஃப்டிபி ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை கை கட்டி நிற்கும் நெறிமுறை. வழக்கமான 512 பைட் துண்டில், போய்வர அரை மில்லிசெகண்ட் என்று வைத்தால் நொடிக்கு ஒரு மெகாபைட்தான். 600 மெகாபைட் கோப்புக்குப் பத்து நிமிடம். துண்டை 1468 பைட்டாக உயர்த்தினால் மூன்றரை நிமிடம். அதே கோப்பு எச்டிடிபியில் கிகாபிட் லிங்கில் ஆறேழு நொடி. ஆனால் ஐபிஎக்ஸ்இ கோப்பை மட்டும் டிஎஃப்டிபியில் இறக்கி, மீதியை ஐபிஎக்ஸ்இ வழியாக எச்டிடிபியில் இழுத்தாலும் இதே வேகம் கிடைக்கும். ஒரு மெகாபைட் கோப்பு டிஎஃப்டிபியில் வந்தால் என்ன, குடி முழுகிவிடாது.

டிஎச்சிபி சர்வர் பதிலில் 'எச்டிடிபிகிளையன்ட்' என்ற அடையாளத்தைத் திருப்பி அனுப்பாவிட்டால் யூஇஎஃப்ஐ அந்தப் பதிலைக் கண்டுகொள்ளாது. சில இயந்திரங்கள் மறைகுறியாக்கம் இல்லாத எச்டிடிபியை மறுத்து, சான்றிதழ் பதிந்த எச்டிடிபிஎஸ் மட்டுமே ஏற்கும். ஒரே மாடலில் புதிதாக நாற்பது வாங்கியவர்கள் முயன்று பார்க்கலாம். கலவை அறைக்கு இது வேண்டாத வேலை.

தம்ப்டிரைவில் ஐபிஎக்ஸ்இ

முதல் பத்தியில் சொன்ன இயந்திரத்துக்குத் திரும்புவோம். முதலில் ஒரு வாய்ப்பைச் சோதியுங்கள். யூஇஎஃப்ஐக்குள் ஆன்போர்டு ரியல்டெக் சிப்புக்கான டிரைவர் இருந்தால், செருகிய கார்டும் அதே பிசிஐ எண் கொண்டதாக இருந்தால், அதே டிரைவர் அதையும் ஓட்டிவிடக்கூடும். அதனால் கருகியது ஆர்டிஎல்8111 என்றால் மாற்றாகவும் ஆர்டிஎல்8111 கார்டையே வாங்குங்கள். கருகியது இன்டெல் ஐ219, வாங்கியது ரியல்டெக் என்றால் வாய்ப்பு குறைவு. அமைப்பில் நெட்வொர்க் ஸ்டாக் என்ற வரி அணைந்திருக்கிறதா, ஃபாஸ்ட் பூட் லேன் கார்டைத் தாண்டிக் குதிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 'கார்டு தெரியவில்லை' என்ற புகார்களில் கணிசமானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால், இரவல் வாங்க ஆளில்லை. சொந்த டிரைவர் கட்டாயம். ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ கோப்பை ஃபேட்32 தம்ப்டிரைவில் 'இஎஃப்ஐ' அடைவுக்குள் 'பூட்' அடைவில் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்று பெயரிட்டு வைத்தால் போதும். இங்கே எஸ்என்பிஒன்லியை வைப்பது பரவலான தவறு. அது பிடித்துக்கொள்ளக் கார்டுக்கு எஸ்என்பியே இருக்காது, வெறும் கையோடு திரும்பும். உருவாக்கும்போதே சர்வர் முகவரி எழுதிய சிறு ஸ்கிரிப்டை உள்ளே பதித்துவிட்டால், டிஎச்சிபியில் எந்த மாற்றமும் தேவையில்லை.

இன்னொரு வழி, பூட் ரோம் உள்ள கார்டு. இன்டெல்லின் தனிக் கார்டுகள் பலவற்றில் ஃபிளாஷ் நினைவகம் உண்டு. இன்டெல் தரும் பூட்யூட்டில் கருவியால் அதில் பிஎக்ஸ்இ, யூஇஎஃப்ஐ இரண்டையும் எழுதலாம். விலை கூடுதல். பினாங்கில் 1972 முதல் ஆலை நடத்தும் நிறுவனத்தின் கார்டு நம் கடைகளில் ரியல்டெக்கைவிடப் பல மடங்கு விலை என்பது ஒரு முரண்தான். ஒரு சர்வருக்கு வாங்கலாம், மாணவர் மேசைக்கு வேண்டாம்.

லேன் போர்ட்டே இல்லாத மெல்லிய மடிக்கணினிகளுக்கு யூஎஸ்பி லேன் வேண்டும். மடிக்கணினி நிறுவனம் தன் பெயரில் விற்கும் அடாப்டரை அதன் யூஇஎஃப்ஐ அறிந்திருக்கும், மற்றவற்றுக்கு உத்தரவாதமில்லை. ஒரே அடாப்டரைப் பத்து மடிக்கணினிக்கு மாற்றி மாற்றிச் செருகினால் பத்துக்கும் ஒரே மேக் முகவரி (அடாப்டரின் வன்பொருள் எண்). மேக் முகவரியை வைத்து இயந்திரப் பெயர் தரும் சர்வர் பத்துக்கும் ஒரே பெயரை வைத்துவிடும்.

உண்மையில் கவிழ்வது மூன்றாம் படியில்

பூட்லோடரைப் பற்றி இவ்வளவு விவாதித்தாலும், மணிக்கணக்கில் நேரத்தைத் தின்பது அதற்கு அடுத்த படி. கெர்னல் எழுந்ததும் முந்தைய டிரைவர்கள் எல்லாம் மறைந்துவிடும், கார்டை அது புதிதாகப் பிடிக்க வேண்டும். கெர்னல் இறங்கியது, எழுத்துகள் ஓடின, பிறகு நெட்வொர்க் இல்லை என்று நின்றது என்றால் ஐபிஎக்ஸ்இயைத் திட்டுவதில் பயனில்லை.

லினக்ஸில் வயதுதான் முதல் காரணம். ஆர்டிஎல்8125-க்கான ஆதரவு ஆர்8169 டிரைவருக்குள் வந்தது கெர்னல் 5.4-இல். டெபியன் 10-இன் கெர்னல் 4.19, ஆகவே தெரியாது. உபுண்டு 20.04-இன் கெர்னல் 5.4, தெரியும். எஸ்என்பிஒன்லி வழியாக அழகாக இறங்கிய பழைய டெபியன், எழுந்தவுடன் குருடாகிவிடுவது இதனால்தான். புதிய பதிப்புக்குப் போவதே தீர்வு. பழைய கெர்னலுக்கு மாட்யூல் தைத்துக்கொண்டிருப்பது வீண்.

அடுத்தது ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல். ரீகண்டிஷன் சர்வர்களில் காணும் பிராட்காம் பிஎன்எக்ஸ்2 வகைக் கார்டுகள் தனி ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் அசையாது. கெர்னலோடு இறங்கும் தொடக்கக் கோப்புப் பொதியான டெபியனின் நெட்பூட் இனிட்ஆர்டியில் அது இருக்காது. டெபியன் தரும் ஃபர்ம்வேர் சிபிஐஓ பொதியை இனிட்ஆர்டி கோப்பின் வாலில் அப்படியே ஒட்டிவிட்டால் கெர்னல் இரண்டையும் சேர்த்துப் பிரித்துக்கொள்ளும். இரண்டு கார்டு உள்ள இயந்திரத்தில் 'பூட்இஃப்' என்ற அளபுருவில் மேக் முகவரியைக் கெர்னலுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையேல் நிறுவி தவறான கார்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

விண்டோஸ் பிஇ இன்னும் பிடிவாதக்காரன். இன்டெல் ஐ225, ஐ226 கார்டுகளில் நிறுவி எழுந்தும் நெட்வொர்க் வராமல் போனால், விண்டோஸின் டிஐஎஸ்எம் கருவியால் பிஇ அடங்கிய பூட்.விம் கோப்பில் டிரைவரைச் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்புக்குள் இரண்டு படிமங்கள் உண்டு: முதலாவது வெறும் பிஇ, இரண்டாவது நிறுவி. வழக்கமாக எழுவது இரண்டாவது. முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டு 'சேர்த்தும் வரவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். சேர்க்க வேண்டியது ஐஎன்எஃப் கோப்போடு வரும் டிரைவர். நிறுவும் இஎக்ஸ்இ கோப்பை அப்படியே திணிக்க முடியாது. இன்ஸ்டால்.விம் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள், நிறுவி முடிந்த விண்டோஸுக்கும் அதே கார்டுதானே.

டிஎச்சிபி

ஃபைபர் இணையத்தோடு வரும் ரவுட்டர்கள் பலவற்றில் பூட் கோப்பின் பெயரைக் குறிப்பிட இடமே இருக்காது. அதைத் தூக்கியெறிய வேண்டாம். பழைய இயந்திரம் ஒன்றில் டிஎன்எஸ்மாஸ்க் நிரலை ப்ராக்ஸி முறையில் ஓட்டினால், ஐபி முகவரியை ரவுட்டரே தரும், பூட் தகவலை மட்டும் இது சேர்த்துத் தரும்.

யாருக்கு எந்தக் கோப்பு என்பதை, டிஎச்சிபி கோரிக்கையில் இயந்திர வகையைச் சொல்லும் 93-ஆம் விருப்பத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். 0 வந்தால் பயாஸ், அன்டிஒன்லி. 7 வந்தாலும் 9 வந்தாலும் 64 பிட் யூஇஎஃப்ஐ, எஸ்என்பிஒன்லி. 7-ஐ மட்டும் எழுதி 9-ஐ விட்டுவிட்டால் ஏதோ ஒரு மாடல் மட்டும் மர்மமாக மறுக்கும். ஐபிஎக்ஸ்இ எழுந்தபின் மறுபடி டிஎச்சிபி கேட்கும். அப்போதும் அதே கோப்பைத் தந்தால் தன்னைத் தானே இறக்கிக்கொண்டு செக்கு மாடு போலச் சுற்றும். 175-ஆம் விருப்பம் (ஐபிஎக்ஸ்இயின் அடையாளம்) உள்ள கோரிக்கைக்கு ஸ்கிரிப்டின் முகவரியைக் கொடுத்தால் சுற்று அறும். அடங்காத மாடல் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றின் மேக் முகவரிக்கு மட்டும் சொந்த டிரைவர் கோப்பு என்று தனி வரி எழுதுங்கள். தம்ப்டிரைவில் எழும் இயந்திரங்களின் பெட்டியில் வெளியே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அந்தத் தம்ப்டிரைவை ஃபார்மேட் செய்து பாட்டு ஏற்றிக்கொண்டு போகாமலிருக்க.